டீம்ஸ், ஸ்லாக்கோடு ஒட்டும் துணை மென்பொருள்கள்: வேலூர்ப் பக்கத்து நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தொழிலைப் பொறுத்தவரை பழைய வட ஆற்காடு இன்னும் ஒன்றாகத்தான் ஓடுகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை டேனரி, குடியாத்தம் லுங்கி வியாபாரம், வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ஸ்கேன் சென்டர் என்று பல இடங்களில் டீம்ஸ், ஸ்லாக், கூகுள் சாட், ஜோஹோ கிளிக் என்று அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் அரட்டைத் தளங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. இவற்றை அமைத்துக் கொடுப்பது என் வேலை. தளத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட, அதோடு சேர்க்கும் துணை மென்பொருள்களைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

துணை மென்பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தளத்தைச் செய்த நிறுவனம் தராமல், வேறொருவர் செய்து அதோடு ஒட்டவைக்கும் எதையும். விடுப்பு விண்ணப்பம் வாங்கும் பாட் (தானாகப் பேசும் நிரல்), மீட்டிங்கில் குறிப்பெடுக்கும் கருவி, கூகுள் ஃபார்மில் நிரப்பியதைச் சேனலில் (தளத்தில் ஒரு குழு பேசும் இடத்தில்) கொண்டுவந்து போடும் இணைப்பு, ஜாப்பியர், மேக், என்8என் மாதிரி இரண்டு மென்பொருளுக்கு நடுவே நின்று தகவலைக் கைமாற்றும் சேவை எல்லாமே இதில் சேரும். ஸ்லாக் தன் ஆப் டைரக்டரியை 2015 டிசம்பரில் திறந்தது. டீம்ஸ், ஜூம், கூகுள், ஜோஹோ எல்லோருக்கும் இன்று இப்படி ஒரு சந்தை இருக்கிறது. சந்தையில் இருக்கிறது என்பதற்காக, அந்த ஆப் உங்கள் தகவலை என்ன செய்தாலும் தளத்துக்காரர் பொறுப்பேற்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஒப்பந்தம் ஆப் செய்தவரோடு.

எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்ஆப் குரூப்பில்தான் நடக்கிறது. இதெல்லாம் தேவையா?

பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்துக்குத் தேவையில்லை. குரூப்பே போதும்.

ஆள் கூடும்போதுதான் சிக்கல். கட்டிங் சூப்பர்வைசர் போட்ட போட்டோ, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும். வேலையை விட்டுப் போனவர் போனில் பையரின் (ஆர்டர் கொடுக்கும் நிறுவனத்தின்) டிசைன் அப்படியே இருக்கும். இந்த இரண்டும் உங்களுக்கு நடந்திருந்தால் தளம் மாறும் நேரம் வந்துவிட்டது. துணை மென்பொருள் அதற்கு அப்புறம். முதலில் ஒரு மூன்று மாதம் ஆட்கள் தளத்தில் பேசிப் பழகட்டும். பழகாத தளத்தில் பாட் போட்டால் பாட் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்ஆப்பிலேயே பாட் போட்டுத் தருகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். வாட்ஸ்ஆப் வெப் வழியாக நுழைந்து ஓடும் அந்த பாட்கள் வாட்ஸ்ஆப்பின் விதிகளுக்குப் புறம்பானவை. கண்டுபிடித்தால் எண்ணை முடக்கிவிடுவார்கள். பில் புக்கிலும் கடை போர்டிலும் அச்சடித்த எண் போய்விட்டால் வியாபாரத்தில் பாதி போன மாதிரி. ஜிபி வாட்ஸ்ஆப் மாதிரியான மாற்று ஆப்களுக்கும் இதே பதில். முறையான வழி, நிறுவனங்களுக்கென்று வாட்ஸ்ஆப்பே தரும் வாட்ஸ்ஆப் பிசினஸ் ஏபிஐ. 2025 ஜூலையிலிருந்து, நீங்களாக அனுப்பும் டெம்ப்ளேட் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்ற கணக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் சாதாரணமாக எழுதும் பதிலுக்குக் கட்டணம் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சரி, முதலில் எதை இணைக்கலாம்?

தினமும் யாரோ ஒருவர் போன் போட்டுக் கேட்கும் ஒரு விஷயத்தை. ஷூ கம்பெனியில் பெரும்பாலும் அது மணிக்கணக்கு உற்பத்தி. "மூணாவது லைன் எவ்வளவு ஆச்சு?" என்று மேனேஜர் கேட்பார், சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துச் சொல்வார், இவர் அதை எக்ஸெலில் அடிப்பார். இதற்கு நான் அமைக்கும் விதம் எளிது. சூப்பர்வைசர் போனில் ஒரு கூகுள் ஃபார்ம். அதில் ஐந்தே கட்டங்கள்: லைன், ஆர்டர் எண், முடித்த ஜோடி, நின்ற நிமிடம், நின்ற காரணம். அவர் அனுப்பியதும் உற்பத்திச் சேனலில் ஒரே வரி விழும்: "லைன் 3, 11 மணி, 42 ஜோடி, 10 நிமிடம் நின்றது, நூல் தீர்ந்தது." கடைசித் துண்டு கட்டாயமில்லை, ஆனால் அதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நூல் ஏன் தீர்ந்தது என்று ஸ்டோர்க்காரர் அங்கேயே பதில் போடுவார். அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவும்.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கூகுளே தரும் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதினால் போதும். ஸ்லாக்கின் வெப்ஹுக் (சேனலில் செய்தி போடுவதற்கான முகவரி) நொடிக்கு ஒரு செய்தி என்ற வேகத்தைத் தாங்கும், ஒரு ஃபேக்டரிக்கு அது தாராளம். கூகுள் சாட்டில் வெப்ஹுக் வேண்டுமானால் நிறுவனக் கணக்கு வேண்டும், சாதாரண ஜிமெயிலில் கிடைக்காது.

வெப்ஹுக், பாட், ஏபிஐ: மூன்றும் ஒன்றா?

இல்லை. வெப்ஹுக் ஒரு முகவரி. அந்த முகவரிக்கு எதை அனுப்பினாலும் குறிப்பிட்ட சேனலில் விழும், அவ்வளவுதான். அதனால் எதையும் படிக்க முடியாது. ஆபத்தும் அதற்கேற்ற அளவுதான். பாட் என்பது தளத்துக்குள் ஓர் ஆள் மாதிரி. கேட்டால் பதில் சொல்லும், அனுமதி இருந்தால் சேனலில் உள்ளதைப் படிக்கும். ஏபிஐ என்பது இவையெல்லாம் உள்ளே போய்வரத் தளத்துக்காரர் வைத்திருக்கும் வழி. வெப்ஹுக்கில் முடிகிற வேலைக்கு பாட் போடாதீர்கள். வெப்ஹுக் முகவரியையும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்த எவரும் உங்கள் சேனலில் எழுதலாம்.

டாலியில் பில் போட்டதும் சேனலில் செய்தி வருமா?

வரும். கணக்கு மென்பொருளான டாலிபிரைம் ஓடும் கம்ப்யூட்டர், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (மற்ற நிரல்கள் வந்து பேசும் வாசல் எண்), எக்ஸ்எம்எல் வடிவில் கேட்பதற்கு பதில் சொல்லும். ஒரு சின்ன நிரல் அதனிடம் அவ்வப்போது கேட்டு, புது விற்பனை இருந்தால் சேனலில் போடும். இரண்டு நிபந்தனைகள். அந்த கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டாலியில் உங்கள் கம்பெனி திறந்திருக்க வேண்டும். கணக்குப் பிள்ளை ஆறு மணிக்கு மூடிவிட்டுப் போனால் செய்தியும் ஆறு மணியோடு நின்றுவிடும்.

வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று 9000 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறந்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் கணக்குப் புத்தகம் முழுக்க இணையத்தில் கிடக்கும்.

ஆப் சேர்க்கும்போது "அனுமதி கொடு" என்று ஒரு திரை வருகிறதே, அதில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தத் திரையில் இருக்கும் ஐந்தாறு வரிகள்தான் முழு ஒப்பந்தமும். பொறுமையாக ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் ஓர் ஆப் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை இரண்டு: ஆட்களின் பட்டியல், ஒரு சேனலில் எழுதும் உரிமை. திரையில் "பொதுச் சேனல்களின் பழைய செய்திகளைப் படிக்கும்", "கோப்புகளைப் பார்க்கும்" என்றும் வரி இருந்தால், வாழ்த்துக்கு எதற்கு இதெல்லாம் என்று கேளுங்கள். விலைப்பட்டியல், கட்டிங் பேட்டர்ன், சம்பளத் தாள் எல்லாம் அந்தக் கோப்புகளில்தானே இருக்கின்றன. "உங்கள் சார்பில் செய்தி அனுப்பும்" என்ற வரி இன்னும் கனமானது. அந்த ஆப் எழுதுவது நீங்கள் எழுதியது போலவே மற்றவர்களுக்குத் தெரியும்.

டீம்ஸில், நிறுவனம் முழுவதற்கும் பொருந்தும் பெரிய அனுமதிகளை அட்மின்தான் கொடுக்க முடியும். மற்றதை ஊழியர்களே கொடுக்கலாமா கூடாதா என்பதையும் அட்மின் தீர்மானிக்கலாம். ஸ்லாக்கிலும் ஆப் சேர்க்க ஒப்புதல் வேண்டும் என்று அமைக்கலாம். இரண்டிலும் முதல் நாளே அந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

ஒப்புதல் கொடுத்ததும் அந்த ஆப்புக்கு ஒரு டோக்கன் கிடைக்கிறது. அதுதான் சாவி. உங்கள் பாஸ்வேர்டோ ஓடிபியோ இனி அதற்குத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் ட்ரிஃப்ட் என்ற அரட்டைக் கருவி, வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளோடு பேசுவதற்காக வைத்திருந்த டோக்கன்கள் திருடுபோயின. அவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தகவலை அள்ளிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் கிளவுட்ஃப்ளேர், ஸிஸ்கேலர் போல பாதுகாப்பையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸை யாரும் உடைக்கவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த துணை மென்பொருள் வழியாகத்தான் நுழைந்தார்கள்.

யார் பெயரில் இணைப்பது?

கம்பெனி பெயரில். இதற்கென்றே ஒரு மெயில் ஐடி உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை முதலாளியும் இன்னொருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தானாக ஓடும்படி அமைத்த வேலை, அதை அமைத்தவரின் கணக்கில்தான் ஓடுகிறது. டீம்ஸில் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாக ஓடவைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) வழியாகச் செய்த வொர்க்ஃப்ளோவும் செய்தவர் பெயரில்தான் நிற்கும். கூட்டு உரிமையாளராக இன்னொருவரைச் சேர்க்கவில்லை என்றால், அவர் வேலையை விட்டதும் அது அநாதை. வாணியம்பாடியில் ஒரு யூனிட்டில் எல்லா அறிவிப்புகளும் ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தமாக நின்றன. வெள்ளிக்கிழமை விடைபெற்றுப் போன மெர்ச்சண்டைசரின் மெயிலை வார இறுதியில் மூடியிருந்தார்கள். யார் மீதும் தப்பில்லை, எது யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு ஷீட்டில் நான்கு பத்திகள் போதும்: ஆப்பின் பெயர், என்ன செய்கிறது, எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் பணம் கட்டணும்.

காலேஜ் மாணவர்களை வைத்து பாட் எழுதிக்கொள்கிறவர்களும் நம் பக்கம் நிறையப் பேர். திறமையான பிள்ளைகள், தாராளமாகக் கொடுங்கள். கோடு, சர்வர், டோக்கன் மூன்றும் கம்பெனி கணக்கில் இருக்கட்டும். அவர்கள் படிப்பு முடிந்து பெங்களூர் போய்விடுவார்கள்.

இலவசத் திட்டமே போதுமா?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க் (ஒரு செய்தி போட்டால் ஒரு டாஸ்க்), அதுவும் பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும். எட்டு லைன், எட்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 64 செய்தி. இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் பத்து ஆப்தான் சேர்க்கலாம். 90 நாளுக்கு முந்தைய செய்தி கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருடத்துக்கு முந்தையது அழிந்தே போகும். ஷிப்மென்ட் தகராறு ஆறு மாதம் கழித்து வந்தால் ஆதாரம் காட்ட முடியாது.

கட்டணத் திட்டங்களில் பலவும் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு. ஆப்பைப் பயன்படுத்துவது மூன்று பேர், கட்டணம் தளத்தில் உள்ள 120 பேருக்கும் என்று சிலர் போடுவார்கள். வாங்கும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்று ஓடுகிற ஆப் நாளைக்கும் ஓடும் என்று எப்படி நம்புவது?

நம்ப முடியாது. துணை மென்பொருள் செய்பவர் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டவர். வீட்டுக்காரர் திண்ணையை இடித்துக் கட்ட நினைத்தால் கடை நகர வேண்டியதுதான்.

நடந்ததைப் பாருங்கள். ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி வழியாகப் பழைய அரட்டை மென்பொருள்களிலிருந்தே ஸ்லாக்கில் பேச ஒரு வழி இருந்தது. 2018 மே மாதம் அதை மூடினார்கள். அதை நம்பிச் செய்த கருவிகள் அத்தோடு போயின. அதே வருடம் ஜூலையில் அட்லாசியன் தன் ஹிப்சாட்டை ஸ்லாக்குக்குக் கைமாற்றுவதாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் ஹிப்சாட் நின்றது, அதற்காக எழுதிய ஆட்ஆன்களும் நின்றன. டீம்ஸில் வெளித் தகவலைச் சேனலில் கொண்டுவந்து போட்டுப் பல வருடம் ஓடிய கனெக்டர்களை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் சொன்னது. எதிர்ப்பு வந்ததால் கெடு தள்ளிப்போனது, ஆனாலும் எல்லோரும் பவர் ஆட்டோமேட் பக்கம் மாற வேண்டியதாயிற்று. மெட்டாவின் வொர்க்பிளேஸ் தளமே 2025 ஆகஸ்டோடு முடிந்தது. அதே 2025 மே மாதம், தன் சந்தைக்கு வெளியே விற்கப்படும் ஆப்கள் பழைய செய்திகளைப் படிக்கும் வேகத்தை ஸ்லாக் நிமிடத்துக்கு ஒரு முறை, முறைக்கு 15 செய்தி என்று சுருக்கியது. செய்திகளையெல்லாம் நகலெடுத்துத் தேடித் தரும் கருவிகளுக்கு இது பெரிய அடி. உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் நீங்களே செய்துகொண்ட ஆப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: மூலத் தகவல் உங்கள் ஷீட்டிலோ டாலியிலோ இருக்கட்டும், சேனலில் விழுவது அதன் நகலாக மட்டும் இருக்கட்டும். உற்பத்திக் கணக்கு பாட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது என்றால் அந்த ஆப்பை நான் பரிந்துரைப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தமிழில் அனுப்பினால் கேள்விக்குறியாக வருகிறது. சில நேரம் கடைசி எழுத்து உடைகிறது. ஏன்?

மூன்று காரணங்கள், மூன்றுக்கும் மருந்து உண்டு. கேள்விக்குறி வந்தால், அனுப்பும் நிரல் யுடிஎஃப்-8 என்ற, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறையில் அனுப்பவில்லை என்று அர்த்தம். சரிசெய்ய ஒரு வரி மாற்றினால் போதும். எக்ஸெலில் திறக்கும்போது மட்டும் குப்பையாகத் தெரிந்தால், கோப்பைச் சேமிக்கும்போது "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் எந்த மென்பொருளிலும் பயன்படுத்த முடியும்.

எழுத்து உடைவது வேறு கதை. நமக்கு "கோ" ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ககரமும் ஒரு துணைக்குறியுமாக இரண்டு குறியீடு, யுடிஎஃப்-8இல் ஆறு பைட். செய்தி நீளமாகிவிட்டது என்று பைட் கணக்கில் வெட்டும் ஆப், அந்த "கோ" எழுத்தை நடுவில் வெட்டிவிடும். அளவு வரம்புள்ள ஆப்களில் தமிழ்ச் செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள். வாங்கும் முன் நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

நினைவூட்டல் காலை ஒன்பதுக்கு வைத்தால் பிற்பகல் இரண்டரைக்கு வருகிறது.

ஆப்பின் நேர மண்டலம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம். அமைப்பில் கொல்கத்தா என்று மாற்றுங்கள். ஐரோப்பியப் பையரோடு பேசும் நினைவூட்டல் என்றால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும், அதையும் மனதில் வையுங்கள்.

மீட்டிங்கில் குறிப்பெடுக்கும் ஏஐ பாட் வைக்கலாமா?

உங்கள் ஆட்களோடு மட்டும் பேசும் கூட்டத்தில், எல்லோரிடமும் சொல்லிவிட்டு வைக்கலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது எண்களையும் ஆர்டர் பெயர்களையும் தப்பாக எழுதுவது சகஜம். அனுப்பும் முன் ஒருவர் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பையர் இருக்கும் கூட்டத்தில் முன்கூட்டிக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் ஒருவரின் தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வது குற்றவியல் சட்டப்படியே குற்றம். இந்த பாட்களில் பல, காலண்டரில் உள்ள எல்லாக் கூட்டத்திலும் தானாக நுழையும்படி அமைந்திருக்கும். நீங்கள் போகாத கூட்டத்தில்கூட உங்கள் பெயரோடு உட்கார்ந்திருக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

பையர் அவருடைய டீம்ஸில் சேரச் சொல்கிறார். எங்கள் ஸ்லாக்கோடு இணைக்கும் பாலம் போடலாமா?

கெஸ்டாகச் சேர்ந்து அங்கேயே பேசுங்கள். அவர் இடத்தில் என்ன ஆப் ஓடலாம் என்பதை அவருடைய அட்மின் தீர்மானிப்பார். பாலம் போட்டால் அவர் செய்திகள் அவருக்குத் தெரியாமல் உங்கள் பக்கம் நகலாகும். ஆர்டரே கைமாறக்கூடிய விஷயம் இது.

ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். நோயாளி ரிப்போர்ட் தயாரானதும் சேனலில் அறிவிக்கலாமா?

நோயாளி கையில் கொடுத்த வரிசை டோக்கனின் எண்ணை மட்டும் போடுங்கள். பெயர், நோய், ரிப்போர்ட் எதுவும் சேனலுக்கு வரக்கூடாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வேலூருக்கு வருகிறார்கள். அவர்களுடைய நோய் விவரம் ஏதோ ஓர் ஆப்காரரின் சர்வரில் கிடக்கலாமா?

சட்டமும் இருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தாலும் தகவலுக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

எல்லாவற்றையும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும். மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஸூலிப் போன்ற தளங்களும், கைமாற்றும் வேலைக்கு என்8என்னும் சொந்த சர்வரில் ஓடும். தகவல் உங்களிடமே இருக்கும். யுபிஎஸ், பேக்கப், மாதாமாதம் அப்டேட் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் இறங்காதீர்கள்.

வேண்டாத ஆப்பை எப்படி நீக்குவது?

சேனலிலிருந்து பாட்டை வெளியேற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டோக்கன் உயிரோடுதான் இருக்கும். அட்மின் பக்கத்துக்குப் போய் ஆப்பையே நீக்குங்கள். தனித்தனி ஆட்கள் கொடுத்த அனுமதிகளும் அந்தப் பக்கத்தில் தெரியும், அவற்றையும் ரத்து செய்யுங்கள். கூகுள் கணக்கில் இணைத்திருந்தால் அங்கே தனியாக நீக்க வேண்டும். கார்டில் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆப்காரரின் தளத்தில்தான் நிற்கும், உங்கள் தளத்தில் நிற்காது. கடைசியாக, உங்கள் தகவலை அழிக்கச் சொல்லி ஆப்காரருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அவர் பதிலைப் பத்திரமாக வையுங்கள், பையர் தரப்பு ஆடிட்டில் கேட்டால் காட்டலாம்.